வெள்ளிக்கிழமைக்குள் ஒரு நல்ல சிடி

"கொடத்துக்குள்ள தலைய வுட்டுக்கினு பாடுற மாதிரி கீது தம்பி" என்றார் பாய்.

திங்கட்கிழமை காலை. உத்திரமேரூர் பஜாரில் அவருடைய ஜவுளிக் கடையின் ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. ஏனாத்தூர் காலேஜுக்குப் போக பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தவன், அவர் கைதட்டிக் கூப்பிட்டதும் நின்றேன். நின்றிருக்கக் கூடாது.

"ரெண்டு வாரமா நானும் பாக்குறேன். பாட்டு வருது. பாடுறவன் வரல."

அவர் சொன்னது நான் செய்து கொடுத்த செட்டைப் பற்றி. ஒரு ஆம்ப்ளிஃபயர், இடுப்பு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டி. நான் எலக்ட்ரானிக்ஸ் இரண்டாம் வருஷம். பாடத்தில் இருந்ததை விட்டுவிட்டு இல்லாததையெல்லாம் படித்துக்கொண்டிருந்தேன். துபாயிலிருந்து வந்த பாயின் மச்சான் ஒரு டிவிடி பிளேயரைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதுக்கு ஏத்த மாதிரி ஒரு செட்டு, என்று பாய் ஆரம்பித்ததுமே நான் செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர் விலை விசாரிக்கத்தான் வந்தாரோ என்னவோ. எங்கள் வீட்டுக்கு வெளியே ஒருவருக்காக நான் செய்த முதல் செட் அது.

"சிடி சரியில்ல பாய்" என்றேன். இதையும் அவர் முடிப்பதற்குள்தான் சொன்னேன். "நீங்க போடுறது எம்பி3. ஒரே சிடியில நூத்தம்பது பாட்டு. ஒவ்வொரு பாட்டையும் பத்துல ஒரு பங்கா கசக்கி உள்ள தள்ளிருக்கான். செட்டு இன்னா பண்ணும்?"

"டீக்கடைல இதே சிடி நல்லா கேக்குதே?"

"டீக்கடைல இருக்கிறது ஒத்த பொட்டி பாய். அதுல எல்லாம் ஒண்ணா வரும். நம்ம செட்டு அப்படியில்ல, உள்ளத உள்ளபடி காட்டும். கெட்ட ரெக்கார்டிங் கெட்டதாத்தான் கேக்கும்."

பாய் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். துணி கிழிந்திருக்கிறது என்று திருப்பிக் கொண்டுவருகிறவர்களைப் பார்க்கிற அதே பார்வை. "அப்ப நல்லத கொண்டாந்து போட்டுக் காட்டு. வெள்ளிக்கெழம ஜும்மா முடிஞ்சி வந்து ஒக்காந்து கேக்குறேன். அப்பவும் இப்டியே இருந்துதுன்னா கோச்சிக்காத, மீன்பாடி வண்டில ஏத்தி வூட்டுக்கு அனுப்பிடறேன்."

பாய் வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு வண்டி வர வேண்டும் என்றால் பஜார் முழுக்க வர வேண்டும். பஸ் ஸ்டாண்டைத் தாண்ட வேண்டும். இரண்டு பெரிய பெட்டிகளை ஏற்றிய மூன்று சக்கர வண்டியைப் பார்த்து, என்ன ஏது என்று கேட்காமல் விடுகிற ஆள் எங்கள் ஊரில் கிடையாது. வண்டிக்காரரும் சொல்லாமல் இருக்கமாட்டார். 'அவன் செஞ்சது பாடலியாம்.' அவ்வளவுதான், அந்த மூன்று சொல் போதும். பாய் வீட்டில் கேட்டுவிட்டு எங்களுக்கும் ஒன்று செய்து கொடு என்று சொல்லியிருந்த இரண்டு பேரும் அந்தப் பஜாரிலேயேதான் கடை வைத்திருந்தார்கள்.

பஸ் போய்விட்டது. நான் பாயின் வீட்டுக்குப் போனேன். பாய் வீட்டம்மா கதவைத் திறந்து, "வா, ஒன் பொட்டி ஒக்காந்துகினு கீது, போய்ப் பாரு" என்றார். ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்தேன். ஸ்பீக்கருக்கு நான் இழுத்திருந்தது இரண்டு இழையும் ஒரே நிறமான ஒயர். எங்கள் பக்கம் அதுதான் கிடைக்கும். எது பிளஸ் என்று தெரிய, அந்த இழையின் நுனிக்குக் கிட்டே ஒரு சின்ன முடிச்சுப் போட்டுவிடுவோம். முடிச்சுப் போட்ட இழை சிவப்புத் திருகுக்கு, அதாவது பிளஸ்ஸுக்கு. ரேடியோ ரிப்பேர் கடைகளிலும் மைக் செட் கடைகளிலும் இந்த ஒரு சட்டம் உண்டு. நான்கு முனைகளையும் பார்த்தேன். நான்கிலும் முடிச்சு சிவப்பில்தான் இருந்தது. எனக்கு அப்பாடா என்று இருந்தது. செட்டில் தப்பில்லை. இனி ஒரு நல்ல ரெக்கார்டிங் மட்டும் கிடைத்தால் போதும்.

நல்ல ரெக்கார்டிங் என்றால் என்ன என்பதில் எனக்கு அப்போது சந்தேகமே கிடையாது. காலேஜ் லைப்ரரியில் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகை வரும். அதில் படித்து வைத்திருந்தேன்: இருபத்துநாலு பிட், தொண்ணூற்றாறு கிலோஹெர்ட்ஸ், சாதா சிடியைவிடப் பல மடங்கு நுணுக்கமான பதிவு. பாடுகிறவர் மூச்சு இழுப்பது கேட்குமாம். வயலினில் வில் திரும்புகிற இடம் கேட்குமாம். அந்த வரிகளை நான் மனப்பாடமாகச் சொல்வேன். ஆனால் அப்படி ஒரு ரெக்கார்டிங்கை என் காதால் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

செவ்வாய்க்கிழமை காஞ்சிபுரத்தில் கடை கடையாக ஏறி இறங்கினேன். "ஒரிஜினல் இருக்கா?" என்று கேட்டால் எல்லோரும் ஒரிஜினல்தான் என்றார்கள். ஒரு கடைக்காரர் மட்டும் குரலைத் தாழ்த்தி, "சூப்பர் ஒரிஜினல் ஒண்ணு கீது" என்று கீழ் டிராயரிலிருந்து எடுத்துக் கொடுத்தார். தங்க நிற ஸ்டிக்கர் ஒட்டிய அந்த சிடியை எடுத்துக்கொண்டு காலேஜ் கம்ப்யூட்டர் லேபுக்கு ஓடினேன். பாட்டின் ஒலிகளைப் படமாகக் காட்டுகிற ஒரு சாஃப்ட்வேர் அங்கே இருந்தது. நல்ல ரெக்கார்டிங் என்றால் அந்தப் படம் மேலே போகப் போக மெதுவாக மெலிந்து மறைய வேண்டும். இது ஒரு உயரம் வரை வந்து, வாழைத்தாரை அறுத்தது மாதிரி சட்டென்று நின்றது. அதற்கு மேல் கறுப்பு. எவனோ எம்பி3யை எடுத்துத் திரும்பவும் சாதா சிடியாக எழுதி, ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறான். முன்பே வாங்கி வைத்திருந்தவற்றையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். மொத்தம் பதினொன்று. பதினொன்றும் அறுபட்ட படம்.

புதன்கிழமை உத்திரமேரூரில் பிரௌசிங் சென்டருக்குப் போனேன். நான்கு கம்ப்யூட்டர், ஒரு போன் லைன். நிஜமாகவே இருபத்துநாலு பிட்டில் பதிந்த இசையை சாம்பிளுக்கு இலவசமாகத் தருகிற ஒரு தளத்தைக் கண்டுபிடித்துவிட்டேன்! ஐந்து நிமிஷ வயலின். டவுன்லோட் பொத்தானை அழுத்தினேன். மீதமுள்ள நேரம் பதினோரு மணி நாற்பது நிமிஷம் என்றது.

சென்டர்காரர் பின்னால் வந்து நின்றார். "இன்னா நைனா, படம் எறக்குறியா?"

"பாட்டுண்ணா."

"எத்தினி பாட்டு?"

"ஒண்ணுதான்."

"ஒரு பாட்டுக்கு பதினோரு மணி நேரமா? அந்த வயலின்காரனுக்கு டிக்கெட் எடுத்துக் குடுத்தா அதுக்குள்ள உத்திரமேரூர் வந்து எறங்கி வாசிச்சிட்டே போயிடுவான்."

பக்கத்து கம்ப்யூட்டரில் ரயில் டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தவர் சிரித்தார். நானும் சிரித்தேன், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல். நான்கு சதவீதம் வந்ததும் கரண்ட் போனது.

வியாழக்கிழமை காலை. பாய் வீட்டு பிளேயர் இருபத்துநாலு பிட்டைப் படிக்குமா என்பதையே நான் இதுவரை பார்க்கவில்லை என்பது பல் தேய்க்கும்போதுதான் உறைத்தது. கடைக்கு ஓடி, பிளேயர் வந்த அட்டைப்பெட்டியைக் கேட்டேன். பாய் அதைப் பத்திரமாகக் கடைப் பரணில் வைத்திருந்தார். உள்ளே சின்னப் புத்தகம். படிக்கும் என்று போட்டிருந்தது. அடுத்த பக்கத்தில், பெட்டிக்குள் இருக்க வேண்டிய பொருட்களின் வரிசை: ரிமோட், பேட்டரி இரண்டு, ஒயர் ஒன்று, ஒலிச் சோதனைக்கான சாம்பிள் டிஸ்க் ஒன்று. இருபத்துநாலு பிட், தொண்ணூற்றாறு கிலோஹெர்ட்ஸ்.

அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தேன். "பாய், இந்த டிஸ்க் எங்க?"

"எது, அந்தக் கெட்டுப்போனதா?"

"கெட்டுப்போனதா?"

"அதுல பாட்டே இல்ல தம்பி. எவனோ இங்கிலீஷ்ல பேசிக்கினே இருந்தான். டிங்குனு மணி அடிச்சான். அப்பால மறுபடியும் பேச்சு. மச்சான ஏமாத்தி வித்துட்டானுங்கன்னு வேஸ்ட் சிடியோட சேத்துக் குடுத்துட்டேன்."

"யாருக்கு?"

கடை பெருக்கிக்கொண்டிருந்த அக்கா விளக்குமாற்றோடு நிமிர்ந்தார். "எனக்குத்தான். ஊட்டுக்காரரு கயனிக்கு ஓணும்னு கேட்டாரு. குருவிக்குக் கட்டிக்கீது."

அக்காவின் ஊர் சாலவாக்கம் பக்கம். அவர் வீட்டுக்காரர் வேறொருவருடைய கழனியில் காவல். நெல் பால் பிடிக்கிற சமயம். வானத்தையே மறைத்துக்கொண்டு குருவி இறங்கும். அதை விரட்ட, ஊரெல்லாம் பழைய சிடிகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட ஆரம்பித்திருந்த காலம் அது. இந்த நாட்டில் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்த ஒரே இருபத்துநாலு பிட் ரெக்கார்டிங், குருவி ஓட்டிக்கொண்டிருந்தது.

அன்றைக்கும் காலேஜுக்குப் போகவில்லை. பதினொரு சிடியும் பையிலேயே கிடக்க, டவுன் பஸ் ஏறி, ஏரிக்கரையில் அக்கா சொன்ன அடையாளத்தில் இறங்கி ஓடினேன். தூரத்திலேயே தெரிந்தது. பச்சைக்கு மேலே அங்கங்கே பளீர் பளீர் என்று வெட்டியது. முப்பதுக்குக் குறையாது. எந்த டிஸ்க், எந்தக் கம்பில் மோதி, எவ்வளவு கீறல் விழுந்திருக்கிறதோ.

வரப்பில் இறங்கி, ஒவ்வொன்றாகப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். எழுதிய சிடியின் அடிப்பக்கம் நீலமாகவோ பச்சையாகவோ இருக்கும். கம்பெனியில் அச்சடித்தது சுத்தமான வெள்ளி நிறம். நீலம். பச்சை. வெளுத்த நீலம்.

"யாருப்பா அது? இன்னா தேடுற?"

துண்டைத் தலையில் கட்டியவர், கையில் தகர டப்பா. அக்காவின் வீட்டுக்காரர். நான் மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். பிட், ஹெர்ட்ஸ் எல்லாம் சேர்த்துத்தான் சொல்லியிருப்பேன்.

"வெள்ளையா இருக்குமே, அதுவா?" என்றார். "அது இங்க இல்ல. அங்க பாரு, மூல வரப்புல. குருவி மொதல்ல அங்கதான் எறங்கும். அதனால நல்லத அங்க கட்டுனேன்."

"அது நல்லதுன்னு எப்டிண்ணா தெரியும்?"

"எப்டியா? மத்ததெல்லாம் ஒரு மாசத்துல வெளுத்துப் பூடும். கம்பெனி சிடி வெயிலு தாங்கும். வெட்டுனா ஏரிக்கு அந்தாண்ட தெரியும்."

மூலை வரப்பில், மூங்கில் குச்சியில் அது சுற்றிக்கொண்டிருந்தது. மேல்பக்கத்து எழுத்து பாதி போயிருந்தது. '24' மட்டும் தெரிந்தது. நான் கயிற்றில் கை வைத்தேன்.

"இரு இரு. அவுத்துனு போனா இந்தப் பக்கம் குருவி எறங்கிடும். மொதலாளி வந்து என்னத்தான் கேப்பாரு."

பையைத் திறந்தேன். "ஒண்ணுக்குப் பதினொண்ணு தரேண்ணா."

அவர் உடனே வாங்கிக்கொள்ளவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து, வெயிலில் சாய்த்து, எதிரே இருந்த பனைமரத்தில் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தார். நான் லேபில் உட்கார்ந்து பார்த்ததைவிட நிதானமாகப் பார்த்தார். "இது மங்கல்." திருப்பிக் கொடுத்தார். "இதுவும் வேணாம்." தங்க ஸ்டிக்கர் ஒட்டிய சூப்பர் ஒரிஜினலைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "இது! ரெண்டு பக்கமும் வெட்டும்." நல்லதைக் கட்டியிருந்த அதே மூங்கில் குச்சியில் அதைக் கட்டினார்.

பஸ்ஸில் டிஸ்க்கைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் டூத்பேஸ்ட் தடவி, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைத்தேன். கீறல் குறைகிறதா, கூடுகிறதா என்று தெரியவில்லை. அந்த டிஸ்க் டிவிடி, என் பிளேயர் டிவிடி எடுக்காது. ஆகையால் போட்டுப் பார்க்கவும் வழியில்லை. பாய் வீட்டில், பாய் முன்னால்தான் முதல் தடவையாக ஓட வேண்டும்.

வெள்ளிக்கிழமை நான் போனபோது மீன்பாடி வண்டி வாசலிலேயே நின்றது. வண்டிக்காரர் ஹேண்டில்பாரில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு பீடி பிடித்துக்கொண்டிருந்தார். "நீதான் பொட்டிக்காரனா? சீக்கிரம் பாத்து முடி, எனக்கு அரிசி மூட்ட ஒரு நடை கீது."

பாய் தொழுகை முடித்துத் தொப்பியோடே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். வீட்டம்மா கதவோரம். நான் டிஸ்க்கைத் தட்டில் வைத்தேன். உள்ளே போனது. சுற்றுகிற சத்தம். திரையில் 'டிஸ்க் இல்லை' என்று வந்தது. வெளியே எடுத்து, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி வைத்தேன். டிஸ்க் இல்லை. மூன்றாவது தடவை படித்தது.

டிங்.

"அதேதான். இந்த மணிதான்" என்றார் பாய்.

மணி தெளிவாகத்தான் இருந்தது. எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. அடுத்த இரண்டு பகுதிகள் குதித்துக் குதித்து ஓடிப்போயின. பிறகு ஒரு வெள்ளைக்காரக் குரல் பேச ஆரம்பித்தது.

"இன்னா சொல்றான்?" என்றார் பாய்.

யோசிக்காமல் மொழிபெயர்த்தேன். "இந்தக் கொரலு ரெண்டு பொட்டிக்கும் நட்ட நடுவுலருந்து வரணும்னு சொல்றான் பாய்."

சொல்லி முடித்த பிறகுதான் காது கொடுத்தேன். குரல் நடுவிலிருந்து வரவில்லை. சுவரிலிருந்து வந்தது, என் முதுகுப்பக்கத்திலிருந்து வந்தது, எங்கிருந்தோ வந்தது. குடத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசினான். அடுத்து, அதே குரல் இன்னொன்று சொன்னது: இப்போது நான் எங்கிருந்து பேசுகிறேன் என்று உங்களால் சொல்ல முடியக் கூடாது. அதைச் சொன்ன குரல் இரண்டு பெட்டிக்கும் நட்ட நடுவில், ஆணி அடித்த மாதிரி நின்றது.

ஒரு ஸ்பீக்கர் முன்னால் தள்ளும்போது இன்னொன்று பின்னால் இழுக்கிறது. ஒரு பக்கம் பிளஸ்ஸும் மைனஸ்ஸும் மாறியிருந்தால்தான் அப்படி ஆகும். ஆனால் முடிச்சு? நான்கு முடிச்சும் சிவப்பில்தானே இருந்தது? அப்போதுதான் என் கைக்கு ஞாபகம் வந்தது. செட்டை மாட்டிய அன்றைக்கு இடது பக்கத்து ஒயர் நீளமாகத் தொங்கியது. அசிங்கமாக இருக்கிறது என்று நுனியை வெட்டினேன். வெட்டிய துண்டோடு முடிச்சும் போய்விட்டது. கடைசி பஸ் வருவதற்குள் பாட்டு ஓட வேண்டும், இறங்குகிறவர்களுக்கெல்லாம் கேட்க வேண்டும் என்ற அவசரத்தில், இரண்டு இழையில் ஒன்றைப் பிடித்துப் புதிதாக ஒரு முடிச்சுப் போட்டேன். எந்த இழை என்று பார்க்கவில்லை. அப்புறம் அந்த முடிச்சையே நம்பினேன்.

"நடுவுலயா வருது?" என்றார் பாய்.

"வரல பாய்."

"அப்ப சிடி தப்பா?"

அவர் வேண்டுமென்று கேட்டாரா, சாதாரணமாகக் கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆமாம் என்றால் போதும். வெயிலில் காய்ந்த டிஸ்க், கீறல், டூத்பேஸ்ட், எல்லாம் என் பக்கம் சாட்சி. ஒயரை ஒரு தடவை பார்க்கிறேன் என்று குனிந்து மாற்றிவிட்டால் யாருக்கும் தெரியாது. அந்த அறையில் இங்கிலீஷ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். வாசலில் வண்டிக்காரர் மணியை அடித்தார்.

"இல்ல பாய். சிடி கரெக்டா சொல்லுது. ஒயர நான் மாத்திக் குடுத்துட்டேன். மொத நாளே."

பாய் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். கதவோரத்திலிருந்து வீட்டம்மாதான் சொன்னார்: "திங்கக்கெழமலருந்து இவுரு சிடிய திட்டிக்கினு இருந்தியேப்பா!"

நான் இடது பெட்டியின் பின்னால் போய் உட்கார்ந்தேன். கை வியர்த்து ஸ்க்ரூடிரைவர் வழுக்கியது. ஒரு திருகு உருண்டு பீரோவுக்கு அடியில் போனது. படுத்துக் கையை விட்டு எடுத்தேன். முடிச்சை அவிழ்த்து, அடுத்த இழையில் போட்டு, அந்த இழையைச் சிவப்பில் மாட்டினேன். எழுந்து, டிஸ்க்கின் அந்தப் பகுதியையே மறுபடி வைக்கப் போனேன்.

"அந்தப் பேச்சு வேணாம்" என்றார் பாய். "எம் பாட்டப் போடு."

"எம்பி3யா பாய்?"

"அதான். கசக்குனது."

போட்டேன். பழைய பாட்டு. வாத்தியம் தொடங்கியதுமே கீழ் ஸ்தாயியில் ஒரு கனம் சேர்ந்திருந்தது. ஆனால் அதை நான் நம்பவில்லை. எதையும் நம்பும் நிலையில் நான் இல்லை. பாடகர் வாயைத் திறக்கிற வரைக்கும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். திறந்தார். இரண்டு பெட்டிக்கும் நடுவே, டிவி ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் மேலே, ஒரு ஆள் நின்று பாடினார். தேய்ந்த குரல், கரகரப்பு, கசக்கல் எல்லாம் அப்படியே. ஆனால் ஆள் வந்துவிட்டார்.

பாய் பாட்டு வந்த அந்த வெறும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. நல்லா இருக்கிறது என்றும் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் தேவலையே என்று எனக்கு இருந்தது.

வண்டிக்காரர் பீடியை அணைத்துவிட்டு நிலைப்படியில் வந்து நின்றார். "பாய், ஏத்தலாமா? மூட்டைக்கு நேரம் ஆவுது."

"இரு" என்றார் பாய், திரும்பாமலே. "இது முடியட்டும்."

அந்தப் பாட்டு முடிந்தது. இரண்டு விநாடி மௌனம். அடுத்த பாட்டு தானாக ஆரம்பித்தது. பாய் நாற்காலியில் இன்னும் கொஞ்சம் பின்னுக்குச் சாய்ந்தார். வண்டிக்காரர் நிலைப்படியிலேயே உட்கார்ந்தார். மூன்றாவது பாட்டின் நடுவில் எழுந்து, என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டு, அரிசி மூட்டைக்குப் போய்விட்டார். பாய் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

அந்த சிடியில் மொத்தம் நூற்றைம்பது பாட்டு.